ஏலம் போகும் அருங்கலங்கள்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு ‘நம் பழம்பொருள்கள்’ என்பது. பழம்பெருமை பேசுவதற்கு மிக வசதியான தலைப்பு. தமிழாசிரியனாக வாழ்நாளைக் கழித்தவனுக்கு அது அரிய செயலுமன்று. ஆயினும் இன்று அப்பெருமையைச் சற்றே ஒதுக்கிவைத்து, அப்பழம்பொருள்களுக்கு விலை பேசப்படும் இடமாகிய ஏல அரங்கைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள்முன் வைக்க விரும்புகிறேன். நம் வீட்டுப் பரணுக்கும் நியூயார்க் நகரத்து ஏல அரங்குக்கும் இடையே உள்ள தொலைவு நாம் எண்ணுவதைக் காட்டிலும் குறைவு என்பதே காரணம்.

ஏலம் என்னும் சொல் போர்த்துகீசியரின் ‘லெய்லாவ்’ என்பதிலிருந்து துறைமுகங்களின் வழியே நம் மொழிக்குள் வந்தது. நறுமணப் பொருளாகிய ஏலம் வேறு. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடைபெறும்போது அவ்விரண்டு சொற்களும் ஒரே கூரையின் கீழ் அமர்கின்றன. இதனை நான் வகுப்பில் சொன்னால் மாணவர் சிரிப்பர், தாங்களும் சிரித்துவிட்டீர்கள், மகிழ்ச்சி.

பழம்பொருள் ஏலத்தில் உலகறிந்த இரு பெயர்கள் லண்டனில் தோன்றிய சோத்பிஸ், கிறிஸ்டிஸ் என்பவை. முன்னது 1744இல் சாமுவேல் பேக்கர் என்னும் புத்தக வணிகர் தொடங்கியது. அவர் முதலில் விற்றது சிலையன்று, ஓவியமன்று. ஒருவர் சேர்த்து வைத்திருந்த நூல்தொகுதி. பின்னது 1766இல் தொடங்கியது. இரண்டும் இன்று நியூயார்க்கிலும் ஹாங்காங்கிலும் அரங்குகள் அமைத்து நடத்துகின்றன.

அங்கே நடக்கும் முறை இது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இடுவர். அவ்வெண்ணின் கீழ்ப் பொருளின் பெயர், அது கல்லா உலோகமா என்பது, உயரம், நூற்றாண்டு, முன்பு யார் யாரிடம் இருந்தது என்னும் உடைமை வரலாறு, எதிர்பார்க்கும் விலையின் கீழெல்லை மேலெல்லை ஆகியவற்றை வழவழப்பான தாளில் அழகிய படத்துடன் அச்சிடுவர். விற்பவரோ, இதற்குக் கீழே கொடுக்கலாகாது என ஓர் அடிவிலையை நிறுவனத்திடம் மறைவாகச் சொல்லிவைப்பார். அது பட்டியலில் வராது. சுத்தியல் தட்டப்பட்டவுடன் வாங்குபவர் அந்த விலையோடு விடுபட இயலாது. அதன்மேல் ஏறத்தாழக் கால் பங்கினை நிறுவனத்துக்கு வாங்குவோர் கட்டணமாகச் செலுத்தவேண்டும். 1975இல் இரு நிறுவனங்களும் இக்கட்டணத்தைப் புகுத்தியபோது அது நூற்றுக்குப் பத்தாக இருந்தது. விற்பவர் தரும் தரகு தனி.

பொருளின் விலையை அங்கே எது தீர்மானிக்கிறது? அழகு ஒன்று, அருமை ஒன்று, முன்பு வைத்திருந்தவர் யார் என்பது ஒன்று. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஓர் ஏல நிறுவனத்தின் கடிதப்பெட்டியில் யாரோ ஓர் உறையைப் போட்டுச் சென்றார். உள்ளே ஒரு பழைய மூக்குக்கண்ணாடி. காந்தியடிகள் அணிந்தது என்று அறியப்பட்டபின் அது 2,60,000 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. அதற்கு முன்னர் 2009இல் நியூயார்க்கில் அவருடைய வட்டக் கண்ணாடி, செருப்பு, கைக்கடிகாரம் அன்று, இடுப்பில் தொங்கிய பைக்கடிகாரம், உண்கலமான தட்டு, கிண்ணம் ஆகியவை 18 லட்சம் டாலருக்கு விலைபோயின. மிகுபொருள் விரும்பாமையை வாழ்ந்து காட்டியவரின் ஐந்தாறு பொருள்கள் அத்தனை விலை பெற்றதைப் பற்றி இச்சபையில் நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

இனி நம் திருமேனிகளுக்கு வருகிறேன்.

ஏலப் பட்டியல்களைப் படிக்கும்போது ஒரு சொற்றொடர் அடிக்கடி கண்ணில் படும். வழிபாட்டால் தேய்ந்த முகம், கைபட்டுக் கைபட்டு மழுங்கிய உருவம் என்னும் பொருள்பட எழுதியிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாலும் நீரும் சந்தனமும் ஆட்டி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, மூக்கும் இதழும் மழுங்கிப்போன தீர்த்தங்கரர் திருமுகத்தைத் தாங்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊர் ஜினாலயத்தில் கண்டிருப்பீர்கள். அத்தேய்மானம் நம் பாட்டிமார் கைகளின் தடம். அதுவே அங்கே பொருள் போலியன்று என்பதற்குச் சான்றாகவும், விலையை உயர்த்தும் அழகாகவும் கணக்கிடப்படுகிறது. பல பட்டியல்களைப் புரட்டிய எனக்கு, விலைகளைக் காட்டிலும் இந்தச் சொற்றொடரே அதிகமாக உறுத்தியது.

மேற்கு இந்தியாவின் சமண உலோகப் படிமங்கள் ஏலங்களில் மிகுதியாக வருவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அவற்றின் பின்புறத்தில் விக்கிரம ஆண்டு, செய்வித்த குடும்பத்தார் பெயர், பிரதிட்டை செய்வித்த ஆசாரியர் பெயர் எனப் பலவும் பொறிக்கப்பட்டிருக்கும். தந்தைக்காகவும் தாய்க்காகவும் மனைவிக்காகவும் செய்வித்ததாக வரும் அவ்வெழுத்துகள், காலத்தை ஐயமின்றிக் காட்டிவிடுவதால் வணிகருக்கு வாய்ப்பாகின்றன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மகன் தன் தாயின் நன்மைக்காகச் செய்வித்த படிமம், அத்தாயின் பெயரோடு விற்கப்படுகிறது. நம் தமிழ்நாட்டுச் செப்புத் திருமேனிகளுள் பலவற்றில் எழுத்தே இராது. பெயர் இல்லாத திருமேனி காணாமற்போனால் அதை நம்முடையது என்று எவ்வாறு மெய்ப்பிப்பது? இவ்வினாவைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்தது இது. நியூயார்க்கில் ஆண்டுதோறும் ஆசியக் கலை வாரம் என ஒரு வாரம் முழுதும் விற்பனைகள் நடக்கும். அவ்வாரத்தில் கிறிஸ்டிஸ் நிறுவனம் விற்கவிருந்த தொகுப்பிலிருந்து இரண்டு மணற்கல் சிற்பங்களை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையினர் ஏலத்துக்குச் சில நாள்கள் முன்னர்க் கைப்பற்றினர். ஒன்று ரேவந்தன் பரிவாரத்தோடு வரும் எட்டாம் நூற்றாண்டுப் பலகை. மற்றொன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரிஷபநாதர். ஆம், நம் ஆதிநாதர். இரண்டின் மதிப்பும் சேர்ந்து ஏறத்தாழ 4,50,000 டாலர். இந்தியாவிலிருந்து திருடப்பட்டவை என்னும் ஐயத்தின் பேரில் அவை எடுக்கப்பட்டன. பட்டியல் அச்சாகி, எண் இடப்பட்டு, பார்வைக்கு வைக்கப்பட்ட பின்னரே அது நிகழ்ந்தது. மரியாதைக்குரிய நிறுவனம் அச்சிட்ட பட்டியலில் ஒரு பொருள் இருப்பதனாலேயே அது நேர்வழியில் வந்தது என எண்ணலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்தது சுவடி. கல்பசூத்திரம் என்னும் நூலின் ஓவியச் சுவடிகள் சுவேதாம்பர மரபினர்க்கு உரியவை. பதினைந்தாம் நூற்றாண்டில் குஜராத்தில் செல்வர்கள் எழுதுவித்துச் சாத்திர தானமாக வழங்கியவை பல. நீலமும் சிவப்பும் பொன்னும் தீட்டி, முகத்துக்கு வெளியே நிற்கும் கண்களோடு வரையப்பட்ட அவ்வோவியங்களைத் தாங்கள் பார்த்திருக்கக்கூடும். தாளில் எழுதியவையாயினும், நடுவிலே ஒரு சிவந்த வட்டம் வரைந்திருப்பர். ஓலைச்சுவடிக்குக் கயிறு கோக்கத் துளையிட்ட இடம் அது. தாளுக்குத் துளை வேண்டாமற்போன பின்னும் ஓலையின் நினைவு போகவில்லை. இச்செய்தியை முதலில் அறிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

அச்சுவடிகளுக்கு நேர்ந்தது என்ன? முழுச் சுவடியாக விற்றால் ஒருவரிடமே விலை கிடைக்கும். ஏடு ஏடாகப் பிரித்தால் ஓவியம் உள்ள ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு விலை. ஆகவே பிரித்தார்கள். திரிசலை தேவியார் கனாக் கண்ட ஏடு ஒரு நாட்டில். பெருமான் துறவு பூண்டு தலைமயிரைக் களைந்த ஏடு வேறொரு நாட்டில். ஓவியம் இல்லாத வெற்று எழுத்து ஏடுகள் யாருக்கும் வேண்டாதவையாக எங்கோ. (அவர்கள் மரபில் கனாக்கள் பதினான்கு, நம் மரபில் பதினாறு. அவ்வழக்கை இன்று எழுப்பவில்லை.) கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கும் ஓர் ஏடு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இனி நூல் அன்று. வாசிக்கத் தொடங்கினால் வாக்கியம் பாதியில் நிற்கும்.

நம் தமிழ் ஓலைச்சுவடிகளில் ஓவியம் கிடையாது. கறுத்து, ஓரம் சிதைந்து, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இன்றி இருப்பவை. ஏல அரங்கில் அவற்றுக்குப் பெருவிலை இல்லை. கட்டுக்கட்டாகப் பழம்பொருள் கடைக்குப் போகும். ஆனால் தமிழுக்கு அவை தந்தது என்ன என்று ஒரே ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். நூலின் சமயக் கருத்துகள் விளங்காமல் திகைத்தபோது அவருக்கு உதவியவர்கள் அவ்வூரில் வாழ்ந்த சமணப் பெருமக்கள். அவர்கள் வீட்டில் சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்வதே ஒரு விழாவாகக் கொண்டாடப்பட்டதை ஐயர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1887இல் நூல் அச்சேறியது. ஏடு மட்டும் இருந்திருந்தால் போதாது; அதன் பொருள் அறிந்த குடும்பமும் பக்கத்தில் இருந்தது. பொருளும் அதை அறிந்தோரும் ஓரிடத்தில் இருக்கும்வரைதான் ஒரு சுவடி உயிருள்ளது. ஏலம் முதலில் பிரிப்பது இவ்விரண்டையும்தான்.

சாத்திர தானம் என்று சொன்னேன். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னகவி இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். மூடபித்ரியில் தவள நூல்களின் ஓலைகள் பல நூற்றாண்டுகள் காக்கப்பட்டதால்தான் சட்கண்டாகமம் நமக்குக் கிடைத்தது. விற்பதற்கு என்று எழுதப்பட்டவை அல்ல இவை.

உடைமை வரலாறு என்று பட்டியலில் அச்சிடுவார்கள் என்றேன் அல்லவா? அதனைக் கூர்ந்து படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ‘ஐரோப்பியத் தனியார் தொகுப்பு, 1970க்கு முன் பெறப்பட்டது’ என்பதுபோல் ஒரு வரி வரும். பெயர் இராது, ஊர் இராது. அந்த 1970 என்னும் எண் மட்டும் தவறாது. அவ்வாண்டில்தான் பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை உருவாயிற்று. அதற்கு முன் வெளியேறியது என்று காட்டிவிட்டால் கேள்விகள் குறையும். நம் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் திருமேனியை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு வாங்கியபோது, அது 1970இல் தில்லியில் வாங்கப்பட்டது என்று காட்டும் கடிதம் ஒன்று உடன் வந்தது. கடிதம் பொய். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதல் கோயில் கோயிலாகச் சென்று எடுத்துவைத்த புகைப்படங்களில், அத்திருமேனி 1994இல் ஸ்ரீபுரந்தானிலேயே இருந்தது தெரிந்தது. 2014இல் ஆஸ்திரேலியப் பிரதமர் அதனை நேரில் கொணர்ந்து ஒப்படைத்தார். விற்ற வணிகர் சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு மறு ஆண்டு இந்தியாவுக்குக் கொணரப்பட்டவர். உடையார்பாளையம் வழக்கில் 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது.

ஐம்பது லட்சம் டாலர் கொடுத்த கலைக்கூடத்தின் காகிதங்களை ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வென்றது. எழுத்து இல்லாத திருமேனியை நம்முடையது என்று எவ்வாறு மெய்ப்பிப்பது என்னும் வினாவுக்கு விடை அதுதான்.

பத்தூர் வழக்கில் படமும் இல்லை. திருவாரூர்ப் பகுதியில் பத்தூர் என்னும் சிற்றூரில் 1976இல் மண்ணைத் தோண்டிய ஒருவர் கையில் நடராசர் அகப்பட்டார். கைமாறிக் கைமாறி 1982இல் லண்டன் சென்று, கனடா நாட்டு நிறுவனம் ஒன்றால் விலைக்கு வாங்கப்பட்டார். வழக்கு லண்டன் நீதிமன்றத்தில் நடந்தது. இடிந்து கிடந்த கோயிலே ஒரு வாதியாக நின்றது. அதை அந்நாட்டு நீதிமன்றம் ஏற்றது. பொருளாகச் சொல்லப்பட்ட சான்றுகளுள் மண்ணும் கரையான் புற்றுத் தடமும் உண்டு. அதே கோயிலைச் சேர்ந்த பிற திருமேனிகளின் மீதிருந்த தடங்களோடு அவை ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. நம் சுவடிகளை எல்லாம் தின்று தீர்த்த கரையான், அங்கே ஒருமுறை நமக்காகச் சாட்சி சொல்லிற்று. 1988இல் தீர்ப்பு, 1991இல் மேல்முறையீட்டிலும் வெற்றி, அவ்வாண்டே திருமேனி தாயகம் திரும்பியது.

ஏலத்தில் வரும் நம் பொருளை நாமே பணம் கொடுத்து மீட்டால் என்ன என்று செல்வந்தரான அன்பர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் கேட்டார். நல்லெண்ணத்தில் எழுந்த வினா. அண்மை நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விடை சொல்லலாம். உத்தரப்பிரதேசத்தின் பிப்ரவாவில் 1898இல் வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்னும் ஆங்கிலேயர் தம் பண்ணை நிலத்திலிருந்த பௌத்தத் தூபியை அகழ்ந்தார். கல்பேழைக்குள் எலும்புத் துண்டுகளோடு நூற்றுக்கணக்கான மணிகள் கிடைத்தன. எலும்புகள் சயாம் மன்னருக்கு அளிக்கப்பட்டன. மணிகளுள் பெரும்பகுதி கல்கத்தா அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஒரு பங்கு கண்டெடுத்தவர் குடும்பத்தில் தங்கியது. அப்பங்கினைச் சோத்பிஸ் நிறுவனம் 2025 மே 7 அன்று ஹாங்காங்கில் ஏலமிடுவதாக அறிவித்தது. இந்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம் சட்ட அறிவிக்கை அனுப்பியது. ஏலம் நின்றது. சூலைத் திங்களில் கோத்ரெஜ் குழுமத்தின் துணையோடு அம்மணிகள் விலைக்குப் பெறப்பட்டு நாடு திரும்பின. விலை வெளியிடப்படவில்லை.

மகிழ்ச்சிதான். பௌத்த அன்பர்களின் மகிழ்ச்சியில் நாமும் பங்கு கொள்கிறோம். ஆயினும் என் உள்ளம் முழுதும் அமைதி கொள்ளவில்லை. புனிதப் பொருளை ஏலத்துக்கு வைப்பதாக அறிவித்தால் உரியவர்கள் எப்பாடுபட்டேனும் பணம் திரட்டி வருவார்கள் என்னும் பாடத்தை வணிக உலகம் கற்றுக்கொண்டிருக்கலாம். ஆதலால் என் கருத்து இது: திருடப்பட்டது என்று காட்டக்கூடிய பொருளுக்கு நாம் ஒரு காசும் கொடுக்கலாகாது, வழக்குத் தொடுக்க வேண்டும், பத்தூர்க் கோயில் செய்ததுபோல. நேர்வழியில் வெளியேறி, ஆவணங்களும் தெளிவாக உள்ள நூல்களையும் படிமங்களையும் வாங்குவதா என்பது வேறு. அதில் செல்வர்கள் விருப்பம்போல் செய்யட்டும். அப்பணத்தின் ஒரு பங்கையேனும் நம் சிற்றூர் ஜினாலயங்களின் கதவுக்கும் பூட்டுக்கும் தந்தால் நன்றி சொல்வேன்.

இவ்விடத்தில் நம் ஒழுக்க நூல் சொல்வதை எண்ணிப் பார்க்கவேண்டும். கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து வழுக்கள் உண்டு எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறும். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அவற்றையே உரைக்கும். அதனைப் பின்பற்றித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. பிறரைத் திருடத் தூண்டுதல், திருடிய பொருளை வாங்குதல், அரசின் ஆணையை மீறுதல், அளவையில் வஞ்சித்தல், போலியைக் கலந்து விற்றல். பழம்பொருள் கள்ளச்சந்தையை அறிந்த ஒருவர் எழுதிய குற்றப்பட்டியல் போலவே இது இருக்கிறது. எந்தக் கோயிலில் எதை எடுக்கவேண்டும் என்று படம் காட்டிச் சொல்லும் வணிகர் முதல் வழுவுக்கு உரியவர். கண்ணை மூடிக்கொண்டு வாங்குவோர் இரண்டாவதற்கு. கைவினைப் பொருள் என்று சீட்டு ஒட்டிக் கப்பலேற்றுவோர் மூன்றாவதற்கு. ஐந்தாவதற்குச் சிவபுரம் நடராசர் கதை போதும்: 1954இல் பழுது பார்க்கக் கொடுத்த திருமேனிக்கு மாற்றாகப் போலி ஒன்று கோயிலுக்குத் திரும்பிவர, உண்மைத் திருமேனி அமெரிக்கா சேர்ந்து, பெருமுயற்சிக்குப்பின் 1986இல் மீண்டது.

நான்காவது வழு நம் தெருக்களில் நடப்பது. பழைய பித்தளைக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று கூவிக்கொண்டு வருவார்கள். என் தூரத்து உறவினரான ஓர் அத்தை, வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் தனியே வாழ்ந்தவர். மாமியார் வழியில் வந்த சரவிளக்கையும் அடியில் எழுத்து வெட்டிய தாம்பாளத்தையும் அவ்வாறு எடைக்குப் போட்டு இரண்டு குடங்கள் வாங்கிவைத்திருந்தார். நான் போன அன்று அதே ஆள் மீண்டும் வந்திருந்தான். “அம்மா, அந்தப் பெட்டியில இருக்கிற ஓலைக்கட்டையும் கொடுத்துடுங்க; கரையான்தான் பிடிக்கும், இன்னொரு அண்டா தரேன்” என்றான். பெட்டிக்குள் ஓலை இருப்பது அவனுக்கு எவ்வாறு தெரிந்தது என்று அத்தையைக் கேட்டேன். “போன தடவை தண்ணி கேட்டான்ப்பா, உள்ள வந்து குடிச்சான்” என்றார். ஓலை தப்பியது. விளக்கு எந்த ஊரில் எரிகிறதோ, எந்த விடுதியின் முகப்பில் எரியாமல் நிற்கிறதோ!

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1976 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி நூறாண்டுக்குக் குறையாத சிற்பமும் படிமமும் ஓவியமும் தொல்பொருள். இலக்கிய, வரலாற்று, அறிவியல் மதிப்புடைய கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டு போதும். இவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றமன்று; இதனை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் அச்சத்தினாலேயே ஆற்றில் விட்டவர்களும் மண்ணில் புதைத்தவர்களும் உண்டு. கல், உலோகம், மரம், தந்தம் ஆகியவற்றாலான தொன்மைச் சிற்பங்களையும், ஓவியங்களையும், ஓவியமுள்ள சுவடிகளையும் பதிவு அலுவலரிடம் படத்தோடு பதிந்து சான்றிதழ் பெறவேண்டும். கைமாறினால் அதனையும் தெரிவிக்க வேண்டும். உரிமம் பெற்றவரே தொல்பொருள் வணிகம் செய்யலாம். தனியார் எவரும் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பலாகாது; அனுப்பினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. மும்பையில் நடக்கும் ஏலங்களில் பழம்படிமம் விற்றால், வாங்கியவர் அதை இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும். மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். கோயில் திருமேனிக்கு அறங்காவலர் காப்பாளரே அன்றி உடைமையாளர் அல்லர்.

நம் நிலையை நாமே அறிவோம். இளைஞர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். இருபது வீடு இருந்த தெருவில் இன்று நான்கு வீடு. ஜினாலயத்தின் சாவி எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவரிடம். உள்ளே பஞ்சபரமேட்டியும் நவதேவதையும் நந்தீசுவரமும் மகாமேருவும் சுருதஸ்கந்தமும் தருமதேவியும் ஒரு மரப்பெட்டியில். அவற்றின் எண்ணிக்கை அப்பெரியவர் நினைவில் மட்டும். தமிழ்நாடு காவல்துறையில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983 முதல் இயங்குகிறது. அவர்களிடம் சென்றால் முதலில் கேட்பது, “படம் இருக்கிறதா?” என்பதே.

ஆகவே அறக்கட்டளையார் இசைவோடு ஒரு சிறு படிவம் ஆயத்தம் செய்திருக்கிறேன். மண்டப வாயிலில் உணவுச் சீட்டு தரும் மேசையருகே உள்ளது. ஒவ்வொரு திருமேனிக்கும் முன்புறம், பின்புறம், பீடத்தின் அடிப்புறம் என மூன்று படங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுக்கவேண்டும். உயரம், எடை, உடைந்த இடம், ஒட்டிய இடம், எழுத்திருந்தால் அதன் தனிப்படம். கைப்பேசி போதும், இதற்கெனப் படப்பிடிப்பாளர் வேண்டாம். எடுத்த படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். திருடர்க்கு நாமே பட்டியல் அச்சிட்டுக் கொடுத்ததாகும். ஒரு படி ஊரில், ஒன்று அறக்கட்டளைப் பெட்டகத்தில், ஒன்று வெளியூரில் வாழும் அவ்வூர்க் குடும்பம் ஒன்றிடம். வீட்டில் ஓலைச்சுவடி உள்ளவர்கள் முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் படமெடுத்துத் தந்தால் என்ன நூல் என்று படித்துச் சொல்ல நான் இருக்கிறேன். சுவடியைத் தரவேண்டியதில்லை. தர விரும்பினால் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் உ.வே.சா. நூலகமும், தஞ்சையில் சரசுவதி மகாலும் இருக்கின்றன; உடன் வந்து ஒப்படைத்துச் சீட்டு வாங்கித் தருகிறேன்.

சுருத பஞ்சமிக்கு இன்னும் ஏழு வாரங்கள் உள்ளன. அன்று ஜினாலயங்களில் சுவடிகளை எடுத்துத் துடைத்துப் பூசிக்கும்போது, நிரப்பிய படிவங்களையும் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவாருங்கள். பெரியவர்களிடம் சாவி உள்ள ஊர்களுக்கு அடுத்த ஞாயிறு முதல் இரண்டு இளைஞர்கள் என்னோடு வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஊருக்கு முதலில் வரவேண்டும் என்பதை, உணவு முடிந்ததும் மேடையருகே வந்து தெரிவிக்க வேண்டுகிறேன். ஜெய் ஜினேந்திரா.